திரியாத பால்

சீனியின் மாட்டுவண்டி ஈப்போவிலிருந்து திரும்பும்போது இருளாயி வண்டியைப் பார்க்க மாட்டாள். வண்டியின் பின்னால் தொங்கும் இரண்டு தூக்குவாளிகளைத்தான் பார்ப்பாள். காலியான தூக்கு ஆடும், மூடி கலகலக்கும். நிறைந்த தூக்கு அசையாமல் வரும். அன்றைக்கும் ஒன்று கலகலத்தது. மற்றது வாயை மூடிக்கொண்டு வந்தது.

வாயை மூடிக்கொண்டு வந்தது அவளுடையது.

“திரிஞ்சு போச்சுக்கா,” என்று சீனி வண்டியிலிருந்து இறங்காமலே சொன்னான். “காப்பிக்கடை டொமினிக் மூடியத் தொறந்தாரு, மோந்து பாத்தாரு, மூடிட்டாரு. ‘கொண்டுபோயி மோரா வித்துக்கச் சொல்லு’ன்னாரு.”

“அவ பாலு?”

“அதுக்கென்ன, இப்பக் கறந்த மாதிரி இருந்துச்சு.”

“ஒரே வண்டி, ஒரே வெயிலு. என் பாலு மட்டும் எப்படிலா திரியும்?”

“அத உன் மாட்டுக்கிட்டக் கேளு. எனக்குத் தெரிஞ்சது இந்த ரெண்டுதான்,” என்று சீனி வண்டி மாடுகளின் முதுகில் தட்டினான்.

அடுத்த வீட்டு வாசலில் நவமணி நின்றிருந்தாள். காலித் தூக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூட இருளாயிக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

அது ரப்பர் விலை விழுந்துபோன வருஷம். காம்பாருக்குப் போகும் சடக்கை ஒட்டியிருந்த மேட்டுத் தோட்டத்தில் பாதி நாள் பெரட்டில், காலையில் ஆள் எடுக்கும் இடத்தில், பேர் கூப்பிடுவதில்லை. ரப்பர் பாலுக்குப் பட்டை சீவி மரம் வெட்டப் போகாத நாளில் கூலியும் இல்லை. லயத்தில் மாடு வைத்திருந்தவர்கள்தான் கொஞ்சம் தலைநிமிர்ந்து நடந்தார்கள். இருளாயி வீட்டில் ஒரு மாடு, நவமணி வீட்டில் ஒரு மாடு. இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். இருளாயியின் புருஷன் ராமையா மூத்தவன். நவமணியின் புருஷன் அர்ச்சுனன் இளையவன். ஒரே லயத்தில் ஒட்டிய இரண்டு வீடுகள். நடுவில் ஒரு பலகைச் சுவர். இந்தப் பக்கம் கருவாடு சுட்டால் அந்தப் பக்கம் சோறு இறங்கும்.

பெரட்டுச் சங்கு ஊதுவதற்கு முன் இருட்டிலேயே பால் கறந்தாக வேண்டும். சீனியின் வண்டி ஸ்டோரில் ரப்பர் ஷீட்டுகளை ஏற்றிக்கொண்டு, இவர்களுடைய தூக்குகளையும் மாட்டிக்கொண்டு, சுண்ணாம்பு மலைகளையும் ஈயம் தோண்டும் லம்பங்களையும் தாண்டி ஈப்போ போய்ச் சேர வெயில் உச்சிக்கு வந்துவிடும். முன்பெல்லாம் இரண்டு பேர் பாலும் திரியும். இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து டொமினிக்கைத் திட்டுவார்கள். அப்போது அவர்களுக்குள் சண்டை இல்லை.

அர்ச்சுனனுக்கு ஸ்டோரில் வேலை கிடைத்தபிறகுதான் எல்லாம் மாறியது. மரம் வெட்டிக்கொண்டிருந்தவன் நிழலுக்குப் போய்விட்டான். வெட்டுக்காரர்கள் சுமந்துவரும் ரப்பர் பாலை அளந்து தொட்டியில் ஊற்றுவது, மருந்து கலப்பது, உறைந்ததை உருட்டி ஷீட் போடுவது என்று அவனுக்கு வேலை. அதே சமயம் நவமணியின் மாட்டுப்பால் திரிவதும் நின்றுபோனது. இரண்டையும் இருளாயி சேர்த்துப் பார்க்கவில்லை. அவள் பார்த்ததெல்லாம் நவமணியின் புதுச் சேலையை.

“மாட்டுக்கு என்னமோ கட்டியிருக்கா,” என்று ராமையாவிடம் சொன்னாள். “கொட்டாயில எலுமிச்சம்பழம் தொங்குது.”

“நம்ம கொட்டாயிலயுந்தான் தொங்குது.”

“நம்மளுது கண்ணு படாம இருக்க. அவளுது என் மாட்டுக்கு வெச்சது.”

ராமையா பீடியைப் பற்றவைத்தான். “பழத்துக்கு அதெல்லாம் தெரியுமாலா?”

டொமினிக் கைவிட்டதைக்கூட அவள் தாங்கியிருப்பாள். தாங்க முடியாத ஒன்று அந்த வாரம் நடந்தது. அவளுடைய ஒரே மகள் முத்தம்மாவை ஈப்போ ரயில்வே கூலி வீடுகளில் குடியிருந்த ராஜுவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தாள். முத்தம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்து, கூடவே மலேரியாக் காய்ச்சலும் வந்து, தாய்ப்பால் வற்றிப்போய்விட்டது. பேத்திக்கென்று தனியாக ஒரு சின்னப் போத்தலில் பால் ஊற்றிக் கார்க்கு அடைத்து இருளாயிதான் சீனியிடம் கொடுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் போத்தலை அன்று சீனி அப்படியே திருப்பிக் கொண்டுவந்தான்.

“உன் பாலு புளிச்சுப்போகுதாம். பாப்பாவுக்குச் சித்தி பாலே போதும்னு முத்தம்மா சொல்லச் சொல்லுச்சு.”

இருளாயி போத்தலைக் கையில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நவமணிக்குப் பிள்ளை கிடையாது. முத்தம்மா சின்னவளாக இருந்தபோது, விடியலில் மரம் வெட்டப் போகும் இருளாயி குழந்தையைப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டுத்தான் போவாள். நவமணியின் இடுப்பில்தான் அவள் வளர்ந்தாள். முதன்முதலில் பேசிய வார்த்தையும் ‘அம்மா’ இல்லை, ‘சித்தி’. இருபது வருஷமாக இருளாயி அதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது பேத்தியும் அந்தப் பக்கம் போகிறது.

மறுவாரம் அவள் சீனி வண்டியிலேயே ஏறி ஈப்போ போய், பால்காரர்களைச் சோதிக்கும் சுகாதார இன்ஸ்பெக்டர் லியோனார்டைப் பார்த்தாள். வெள்ளைத் தொப்பியும் முழங்கால்வரை காலுறையும் போட்ட தமிழர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடுகிற குரல், மற்ற நாட்களில் சந்தையில் அதட்டுகிற குரல்.

“ஐயா, என் ஓரகத்தி பால்ல தண்ணி கலக்குறா. இல்லேன்னா அந்தப் பாலு திரியாம இருக்குமா?”

“தண்ணி கலந்தா சீக்கிரந்தான் கெடும்,” என்றார் லியோனார்ட். ஆனாலும் புகார் புகார்தானே. அடுத்த நாள் ஊர் எல்லைப் பாலத்தடியில் வண்டியை மறித்தார். கண்ணாடிக் குழாய் ஒன்றில் நவமணியின் பாலை ஊற்றிப் பால்மானியை மிதக்கவிட்டார். அது நெஞ்சை நிமிர்த்தி நின்றது. அடுத்து இருளாயியின் பாலை ஊற்றினார். பால்மானி குனிந்துகொண்டு உள்ளே போனது.

அன்று காலை ராமையா தன் காப்பிக்காகத் தூக்கிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு, குறை தெரியாமலிருக்கக் கிணற்று நீரை விட்டு நிரப்பியிருந்தான். லியோனார்ட் அந்தப் பாலைச் சாக்கடையில் கவிழ்த்தார். பாலத்தடியில் கூட்டம் சிரித்தது. சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்கச் சிரித்தது.

“முதல் தடவைங்கறதால எச்சரிக்கையோட விட்டாராம்,” என்று சீனி லயத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். “அடுத்தவாட்டி பாலு விக்கற லைசென்சு போயிருமாம். புகார் கொடுத்தவங்க பாலையே கொட்டுனது அவருக்கு இதுதான் முதலாம்.”

இருளாயி ராமையாவிடம் இரண்டு நாள் பேசவில்லை. அவன் அதைச் சலுகை என்றே எடுத்துக்கொண்டான்.

பிறகு மழை பிடித்தது. ஒரு நாள் காலை வண்டி போன கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. தோட்டத்தை ஒட்டிய ஓடையில் தண்ணீர் ஏறி அங்கிருந்த சின்னப் பாலம் முழுகிவிட்டது. இரண்டு தூக்குகளும் நிறைந்தபடி சீனி வீட்டுத் தாழ்வாரத்தில் கிடந்தன. மழையில் வேலை இல்லை. எல்லோரும் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்றுவிட்டுச் சுருண்டு கிடந்தார்கள். சாயங்காலம் இருளாயி போய்த் தன் தூக்கைத் திறந்தாள். கட்டி கட்டியாகத் திரிந்திருந்தது. யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு பக்கத்துத் தூக்கைத் திறந்தாள். பால் அப்படியே இருந்தது. ஆடைகூட நெளியவில்லை.

அவள் முந்தானையில் மறைத்து ஒரு குவளை மொண்டு வந்து அடுப்பில் வைத்தாள். பால் சூடேறியபோது ஆவி முகத்தில் அடித்தது. கண்கள் கரித்தன. மூக்குக்குள் ஊசி ஏறியது போல இருந்தது.

அந்த வாடை அவளுக்குத் தெரியும். வெட்டுக்காரர் எல்லோருக்கும் தெரியும். ஸ்டோருக்குத் தூரமான மர நிரைகளில் வெட்டுகிறவர்களுக்கு, ரப்பர் பால் வாளியிலேயே உறைந்து போகாமலிருக்கக் கங்காணி ஒரு மருந்து கொடுப்பார். வாளியில் கொஞ்சம் விட்டால் பால் ஸ்டோர் போகும்வரை தண்ணீராகவே இருக்கும். கையில் பட்டால் தோல் சுருங்கி வெடிக்கும். நேற்றுக்கூட அவள் அதைத் தொட்டிருந்தாள்.

முதலில் அவளுக்கு வந்தது பயமில்லை. சந்தோஷம். மாட்டிக்கொண்டாள் நவமணி என்று நெஞ்சு துள்ளியது. குவளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குள் நுழைந்தாள்.

அர்ச்சுனனும் நவமணியும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“இதுல என்ன ஊத்துன?”

நவமணி குவளையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். “திருடி மொண்டுகிட்டு வந்து கேக்குறியா?”

“ஸ்டோர் மருந்த ஊத்துறியா இல்லியா?”

அர்ச்சுனன் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னான். “ஆமா மதினி. நாந்தான் கொண்டாந்தேன். இதுல என்ன சூசா, என்ன தொல்ல? ரப்பர் பால அந்தி சாயிற வரைக்கும் கெடாம வெச்சிருக்கு. மாட்டுப்பால மத்தியானம்வரைக்கும் வெச்சிருக்காதான்னு யோசன வந்துச்சு. போட்டுப் பாத்தேன், வெச்சிருக்கு. நானே குடிச்சுப் பாத்தேன். செத்தா போயிட்டேன்?”

“மரத்துக்குப் போடுற மருந்துலா அது.”

“மரத்துக்கு எங்க போடுறோம்? பாலுக்குத்தானே போடுறோம்.”

“கையே வெடிக்குதே, கொடலு என்ன ஆவும்?”

நவமணி எழுந்து நின்றாள். “உனக்குக் கொடலா எரியுது? டொமினிக் என் பால வாங்குறது எரியுது. நீயும் வேணுமின்னா எடுத்து ஊத்து. உங்கிட்டயும் கங்காணி குடுத்த மருந்து இருக்கே. உனக்கு அந்த மூளை வரல, எங்களுக்கு வந்துச்சு. அவ்வளவுதான்.”

இருளாயி குவளையை அங்கேயே வைத்தாள். உண்மையில் அந்த நொடியில் அவளுக்கு எரிந்தது அதுதான். இத்தனை வருஷமாக அந்த மருந்தைத் தூக்கிச் சுமந்தும் தனக்கு ஏன் தோன்றவில்லை என்பது. திரும்பி வாசல்வரை போனவள் நின்றாள்.

“பாப்பாவுக்குப் போற போத்தல்ல?”

“அதுலயும்தான்,” என்றாள் நவமணி. குரல் இளகியிருந்தது. “பச்சப் புள்ள குடிக்கிற பாலு, கொஞ்சங்கூடப் புளிக்கக் கூடாதுன்னு அதுக்கு மட்டும் கூடவே விடுறேன்.”

அப்போதுதான் இருளாயிக்குப் பயம் வந்தது.

ஓடையில் தண்ணீர் வடிந்ததும் முதல் வண்டியில் அவள் ஈப்போ போனாள். ரயில்வே கூலி வீட்டில் முத்தம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் தொடையில் தோல் மடிந்து தொங்கியது. அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. குடித்த பால் வாயோரம் வழிந்து பாயில் ஊறியிருந்தது.

“எத்தன நாளா இப்படிக் கக்குது?”

“பாலு மாத்துனதுலேர்ந்துன்னு சொல்லுவ, அதானே?” என்றாள் முத்தம்மா. “ஆஸ்பத்திரி டிரசர் பாத்தாரு. வயித்துக்குச் சேரலன்னாரு. மருந்து தந்திருக்காரு.”

“சேராதுடி. அந்தப் பால்ல உன் சித்தி ஸ்டோர் மருந்து ஊத்துறா. அவளே சொன்னா. இனிமே குடுக்காத.”

முத்தம்மா சிரித்தாள். அது சிரிப்பே இல்லை. “மொதல்ல எலுமிச்சம்பழம்னே. அப்புறம் தண்ணின்னே. இன்ஸ்பெக்டர் வந்து யார் தண்ணி கலந்ததுன்னு ஊருக்கே காட்டிட்டாரு. இப்ப மருந்தா?”

“ராஜு, நீயாவது சொல்லுப்பா.”

மருமகன் சுவரில் சாய்ந்திருந்தான். நல்லவன், ஆனால் மாமியார் பேச்சில் தலையிடுகிற அளவுக்கு நல்லவன் இல்லை. “அத்த, பாலு நல்லா வெள்ளையா இருக்கு. உங்க பாலு வரும்போதே புளிச்சிருமே. எதக் குடுக்கறது?”

“நான் தாயி, பொய் சொல்லுவேனா?”

“சித்தின்னா நீ எந்தப் பொய்யும் சொல்லுவே,” என்றாள் முத்தம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்பது போலச் சொன்னாள். “சின்னப் புள்ளையிலேர்ந்து பாக்குறேன்மா. நான் சித்தி மடியில ஒக்காந்தா உன் மூஞ்சி எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாதா?”

இருளாயி எழுந்து வெளியே வந்தாள். தனக்குத் தெரியாமல் மகள் இத்தனை வருஷமும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சடக்கில் ரிக்ஷாக்காரன் ஒருவன் வழி கேட்டுக் கத்தியது அவள் காதில் விழவில்லை.

நேரே லியோனார்டின் ஆபீசுக்குப் போனாள். அவர் அவளைக் கண்டதுமே பேனாவை மூடினார்.

“நீயா? இன்னிக்கு யாரு, அதே ஓரகத்தியா?”

“அவ பால்ல ஸ்டோர் மருந்து இருக்குங்கய்யா. கெடாம இருக்க ஊத்துறாங்க.”

“பால்மானி அவ பாலு சுத்தம்னு காட்டுச்சு.”

“அந்தக் குழாயிக்குத் தண்ணி தெரியும், மருந்து தெரியுமா?”

அவர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். பிறகு, “தெரியாது,” என்றார். “அதுக்குப் பாலை சீல் வெச்சு ரசாயனக்காரர்கிட்ட அனுப்பணும். அவர் சும்மா இருக்கறவர் இல்ல. ஒரு தடவ பொய்ப்புகார் குடுத்தவ பேச்ச வெச்சுகிட்டு அனுப்புனா மேல என்னைக் கேப்பாங்க. குடும்பச் சண்டைக்கெல்லாம் சர்க்கார் வேல செய்யாதும்மா.”

“அவ பால அனுப்ப வேண்டாம். தப்பு செஞ்சேன்னு ஒருத்தி தானா வந்து சொன்னா அனுப்புவீங்களா?”

“அப்படி எவ வருவா?”

இருளாயி சொல்லாமல் போனாள்.

மறுநாள் அதிகாலையில் தன் மாட்டைக் கறந்தாள். மாடு அன்று நிறையவே கொடுத்தது. கங்காணி கொடுத்த மருந்துப் போத்தலை எடுத்துத் தூக்கில் சாய்த்தாள். ராமையா தூக்கக் கலக்கத்தோடு வந்து பார்த்துவிட்டு நின்றான்.

“உனக்கும் மூளை வந்திருச்சா?”

“இன்னிக்கு இதுல காப்பி போட்டே, கொன்னுருவேன்.”

“என்ன செய்யப் போற?”

“என் பாலுக்கு நானே புகார் குடுக்கப் போறேன்.”

ராமையா உட்கார்ந்துவிட்டான். “லைசென்ஸ் போயிருமே. மாட்ட வெச்சுகிட்டு என்ன பண்றது? பாதி நாள் பேர் கூப்பிடறதில்ல. அவ விக்கிற பாலுக்கு நீ ஏன் விழுந்து சாவுற?”

“நான் நின்னுகிட்டுச் சொன்னா யாரும் நம்பல. விழுந்துதான் சொல்லணும்.”

ராமையா வேறெதுவும் சொல்லாமல் தூக்கைத் தூக்கி வண்டியில் மாட்டிவிட்டான்.

பாலத்தடியில் லியோனார்ட் வழக்கம்போல நின்றிருந்தார். பக்கத்து ஊர்ப் பால்காரர்களும் சைக்கிள்களோடு வரிசையில் நின்றார்கள். இருளாயி தன் தூக்கை இறக்கி அவர் காலடியில் வைத்தாள்.

“இதுல நான் ரப்பர் மருந்து ஊத்தியிருக்கேன். சீல் வெச்சு அனுப்புங்க. எங்க லயத்துல பாலு கெடாம இருக்க இப்படித்தான் ஊத்துறோம். பக்கத்துத் தூக்கும் அதே லயத்துப் பாலுதான்.”

வரிசையில் ஒருவன் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான். லியோனார்ட் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன சொல்றேன்னு தெரிஞ்சுதான் சொல்றியா? இந்த நிமிஷத்திலேர்ந்து உனக்கு லைசென்ஸ் இல்ல.”

“தெரியுங்க.”

அவர் இரண்டு தூக்கிலிருந்தும் கொஞ்சம் எடுத்துப் பாலத்தடிக் காப்பிக்கடை அடுப்பில் தனித்தனியாகச் சூடு பண்ணச் சொன்னார். கடைக்காரர் முகத்தைச் சுளித்துத் தள்ளி நின்றார். லியோனார்ட் குனிந்து முதல் சட்டியை முகர்ந்தார். இரண்டாவதை முகர்ந்தார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ரெண்டும் ஒண்ணுதான்,” என்றார். “இது பார்மலின். ஆஸ்பத்திரியில பொணம் அழுகாம இருக்க ஊத்தி வெக்கிறது. இதைக் குடிக்கற புள்ளைங்க யாராச்சும் இருக்காங்களா?”

“என் பேத்தி,” என்றாள் இருளாயி.

அவர் இரண்டு மாதிரிகளையும் சீல் வைத்தார். மீதியைக் கொட்டச் சொல்லிவிட்டு ரயில்வே கூலி வீட்டுக்கு அவளோடு நடந்தே வந்தார். வாசலில் தொப்பியைக் கண்டதும் முத்தம்மா எழுந்து நின்றாள். அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுப்படியில் இருந்த பாலை எடுத்துப் போய்க் கொட்டிவிட்டு வந்தாள். அதையேதான் முந்தின நாள் அம்மா சொன்னாள். அம்மாவை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இருளாயியும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் தொப்பி போட்டவர் ஒரு வார்த்தையில் முடித்ததை, பெற்றவள் தொண்டை வறளச் சொல்லியும் முடிக்க முடியவில்லையே என்பது நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

“கொதிக்க வெச்ச தண்ணியில டின்பாலு கரைச்சுக் குடு. கரண்டியக்கூடக் கொதிக்கற தண்ணியில போட்டு எடு,” என்றார் லியோனார்ட். “ஆஸ்பத்திரிக்கும் தூக்கிட்டுப் போ. நான் சொன்னேன்னு சொல்லு.”

ரசாயனக்காரரின் பதில் வந்த நாள் லியோனார்ட் தோட்டத்துக்கே வந்தார். தோட்டத் துரையின் ஆபீசுக்குப் போய்விட்டு லயத்துக்கு வந்தார். மேட்டுத் தோட்டத்துப் பாலில் இருந்தது பிணத்துக்கு ஊற்றும் பார்மலின், அந்தப் பால் இனி ஈப்போ எல்லைக்குள் வரக்கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். இருளாயியின் பெயரைச் சொன்னார். அடுத்து நவமணியின் பெயரை.

நவமணி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். “பொணத்துக்கு ஊத்துறதா?” என்று மட்டும் கேட்டாள். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பாப்பாவுக்கு நான் கூடவே ஊத்துனேனே. அது புளிக்கக் கூடாதுன்னு ஊத்துனேனே அக்கா.”

இருளாயி அந்த நாளைப் பலமுறை மனத்துக்குள் நடத்திப் பார்த்திருந்தாள். நவமணி தலைகுனிந்து உட்காருவாள், தான் நிமிர்ந்து நிற்பேன் என்று. இப்போது எல்லாம் அப்படியேதான் நடந்தது. ஆனால் நவமணி அழுத அழுகை தன் பேத்திக்காக என்பதைக் கண்டபோது, அந்த அழுகைமேலும் அவளுக்குப் பொறாமை வந்தது. இப்படி ஊரறிய அழ அவளுக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

ஸ்டோர் மருந்தை எடுத்ததற்காகத் துரை வேலைப் பதிவிலிருந்து அர்ச்சுனனின் பேரை வெட்டினார். பேர் வெட்டினால் வீடும் போய்விடும். மாட்டை விற்றார்கள். சட்டி பானைகளைச் சீனியின் வண்டியில் ஏற்றினார்கள். எங்கே போகிறார்கள் என்று ராமையா கேட்டபோது அர்ச்சுனன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

“ராஜு வரச் சொல்லியிருக்காண்ணே. ரயில்வேயில கல்லு ஒடைக்க ஆள் எடுக்கறாங்களாம். முத்தம்மாவுக்கும் இன்னும் காய்ச்சல் விடல. பாப்பாவப் பாத்துக்க ஒரு ஆளு வேணும்னு நவமணியக் கூப்புடுது.”

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளை இருளாயி தன் கையாலேயே தூக்கித் தன் மகள் வீட்டுக்குள் வைத்துவிட்டாள். வண்டி புறப்பட்டது. நவமணி திரும்பிப் பார்த்தாள். இருளாயி அடுப்பைக் கவனிப்பதுபோல உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

அதற்கப்புறம் வேலை இல்லாத ஒரு நாளில் அவள் ஈப்போ போனாள். கையில் வாழைக்காயும் கொஞ்சம் பச்சைப்பயறும் இருந்தன. ரயில்வே வீட்டு வாசலில் வேட்டி துணியெல்லாம் காய்ந்துகொண்டிருந்தது. முத்தம்மா காய்ச்சல் விட்டு, எழுந்து சமைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது.

“வாம்மா,” என்றாள். பிறகு, வேறு எப்படிச் சொல்வதென்று தெரியாமல், “சோறு போடுறேன், சாப்பிட்டுத்தான் போவணும்,” என்றாள்.

நவமணி உள்ளே சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். காலின்மேல் குழந்தையைக் கிடத்தி டின்பாலைக் கரண்டியால் புகட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கரண்டியையும் முதலில் தன் மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகுதான் குழந்தையின் வாயில் வைத்தாள். குழந்தையின் தொடை உருண்டிருந்தது. நவமணியின் கண்களைச் சுற்றித்தான் கருத்துப் போயிருந்தது.

“சித்தி ராவெல்லாம் தூங்குறதில்ல,” என்று முத்தம்மா தாழ்ந்த குரலில் சொன்னாள். “மூச்சு வருதா வருதான்னு பாத்துகிட்டே இருக்கு.”

இருளாயி குழந்தையைப் பார்த்தபடி நின்றாள். நவமணி தலையைத் தூக்கவில்லை.

“ஒண்ணு கேக்கட்டுமா அக்கா? ஒளிக்காம சொல்லு. உன் தூக்குல மருந்த ஊத்துனியே, அது புள்ளைக்காகவா, என்னைக் கவுக்கவா?”

“புள்ளைக்காகத்தான்,” என்றாள் இருளாயி. வாழைக்காயையும் பயறையும் தரையில் வைத்துவிட்டு, “கவுந்தது நீயின்னதும் நல்லாத்தான் இருந்துச்சு,” என்றாள்.

நவமணி தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை. முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டுக் கையில் தூக்கினாள். “இந்தா, வாங்கு. கால் மரத்துப் போச்சு.”

கால் மரத்துப்போகவில்லை என்று இருளாயிக்குத் தெரியும். தருகிறவள் பெரியவளாகிவிடுகிறாள் என்பதும் தெரியும். ஆனாலும் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினாள்.

புதுக் கை பட்டதும் குழந்தை முகத்தைச் சுருக்கியது. வீறிட்டு அழுதது. அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிற அளவுக்கு அழுதது. நவமணியின் கைகள் தாமாகவே நீண்டன. முத்தம்மா அடுப்படியிலிருந்து, “சித்திகிட்டக் குடும்மா, ஒடனே அடங்கிரும்,” என்றாள்.

இருளாயி கொடுக்கவில்லை. குழந்தையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டி வாசலுக்கு நடந்தாள்.

“அழட்டும்,” என்றாள். “இந்தச் சத்தத்தக் கேக்கத்தான் வந்தேன்.”